பூ கிடைத்த விதம்

ஆறு வருடமாக அதன் காலை மட்டும் தெரியும் எனக்கு.
என் தொடைப் பருமன்.
பட்டையைக் கீறினால் பால் கசியும், சற்று நேரத்தில் சிவக்கும்,
விரலில் ஒட்டிக் கறுத்தால் மூன்று நாளைக்குப் போகாது.
ஓர் ஒகூமே மரத்தை வலம்புரியாய்ச் சுற்றி ஏறி
நாற்பது மீட்டருக்கு மேலே
அடுத்தவர் இலைகளுக்குள் போய்விடும்.

பைனாகுலரில் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.
கவண்கல்லில் நூல் கட்டி எறிந்தோம்,
நூலை மேலேயே வைத்துக்கொண்டது.
கீழே இலைகள் கிடந்தன. காட்டில் யாருக்குத்தான் இலை இல்லை?
பூவைக் காட்டு, பெயர் வைக்கிறோம் என்பது
எங்கள் தொழிலின் கறார்.
குறிப்பேட்டில் அது ‘இன்னதென்று தெரியாதது, மகோகு, எண் 7’.

மார்ச்சில் ஒரு விடியலில் பிபாங் போன் செய்தான்.
மரக் கம்பெனியில் சங்கிலி ரம்பம் பிடிப்பவன்.
“உங்க கயிறு விழுந்திடுச்சு, மேடம். பூவோட.”

ஐந்து மணி நேரம் செம்மண் சேறு.
பின் இருக்கையில் புல்ஷெரியும் பழைய செய்தித்தாள் கட்டுகளும்.
போய்ச் சேர்ந்தால்,
காட்டின் கூரையில் வீடளவு ஓட்டை,
அதற்குக் கீழே கூசும் வெளிச்சம்.
கொழுகொம்பு சாய்ந்தபோது கொடி சும்மா வரவில்லை,
பிடித்திருந்த இன்னும் மூன்று மரங்களை
இழுத்துக்கொண்டு வந்திருந்தது.
விழுந்தது தெரியாமல் எறும்புகள் அதில்
மேலே என்று நினைத்த திசையில் போய்க்கொண்டிருந்தன.

பூ, அரிசி நொய் அளவு.
இதற்காகவா என்று புல்ஷெரி என்னைப் பார்த்தாள்.
புளித்த பனங்கள்ளும் ஈரத் தோலும் கலந்த வாசனை.
“என் தம்பியோட புட்பால் பூட்ஸ்” என்றாள்.
லென்ஸுக்குள் ஒரு மொட்டை வைத்துத் திருப்பினேன்:
தண்டு வலம்புரி, மொட்டின் இதழ்களோ இடம்புரி.
தன்னையே எதிர்த்துச் சுற்றிக்கொள்ளும் ஒன்று.
அதன் உறவில் வேறு எதுவும் இப்படிச் செய்வதில்லை.
சந்தோஷப்பட்டேன்.
அடிமரத்தின் வெட்டுவாயில் இன்னும் ஈரம் இருந்தது,
அதன் மேல் உட்கார்ந்துதான் சந்தோஷப்பட்டேன்.

ஏழு தாள்கள். லாட்டரி முடிவுப் பக்கத்தில் ஒரு கிளை,
கால்பந்துத் தோல்வியின் மேல் ஒன்று.
பட்டையை மட்டும் தீக்குச்சிப் பெட்டியில்.
“என் பேரை வைப்பீங்களா?” பிபாங் கேட்டான்.
சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
வெட்டாமல் விட்டிருந்தால் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டான்,
கூப்பிடாமல் இருந்திருந்தால்
லாரியில் ஏறியது ஒகூமே மட்டும்தான்.
இரண்டையும் ஒரே கை செய்தது.
ரம்பத்துக்கு எண்ணெய் விடப் போய்விட்டான்.

கிளம்புமுன் பழக்கத்தில் பைனாகுலரை மேலே தூக்கினேன்.
அங்கே வெறும் காற்றில்
நாலைந்து கருவண்டுகள்
ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன.
ஒருவேளை வேறெதற்காகவோ.
கட்டுரையில் இதை எழுத இடமில்லை.

எழுதியது இது:
வன்கொடி. இலைகள் எதிரெதிர், நீள்வட்டம், பதினாறு சென்டிமீட்டர் வரை.
புல்லி ஐந்து, விளிம்பில் மயிர்.
அல்லி பச்சை கலந்த வெள்ளை, உலர்ந்தபின் காப்பி நிறம்.
சூலகம் அடிவரை இரண்டாய்ப் பிளந்தது.
கனி: பார்க்கப்படவில்லை.

பிரஸ்ஸல்ஸிலிருந்து மதிப்பீட்டாளர் கேட்டார்,
மொத்தம் எத்தனை கொடிகள் இருக்கலாம்?
ஒன்று என்று அடித்தேன். அழித்தேன்.
தெரிந்தவரை ஒன்று.
பெயரிலும் அவருக்கு ஒரு சந்தேகம்:
‘பிபாங்கி’ யாரைக் குறிக்கிறது, தாவரவியலாளரா?
பொருளைச் சேகரித்தவர் என்று பதில் போட்டேன்.
பொய்யில்லை.

அடிக்கட்டையிலிருந்து கயிறு திரும்பத் துளிர்க்கும் என்கிறான் பிபாங்.
எல்லாக் கயிறும் அப்படித்தானாம்.
மழை பிடித்துவிட்டது. அந்தச் சாலையில்
கம்பெனி லாரிகூட இப்போது போவதில்லை.